நோடு பேட்டரி சீக்கிரம் தீருதா? ரேடியோ எவ்ளோ நேரம் முழிச்சிருக்குன்னு பாருங்க

வயர்லெஸ் சென்சார் நெட்வொர்க் கட்டுனவங்க எல்லாருமே ஒரு தடவையாவது இதுல மாட்டியிருப்பீங்க. மேசை மேல அஞ்சு நோடு (சென்சாரும் ரேடியோவும் சேர்ந்த குட்டி போர்டு) வெச்சு டெஸ்ட் பண்ணும்போது எல்லாம் ஜோரா ஓடும், யூஎஸ்பி கரண்ட்தானே, யாரு கணக்கு பாக்கறா. பேட்டரி போட்டு வெளிய கொண்டுபோய் வெச்சா ஒரு வாரத்துல ஒவ்வொண்ணா வாய மூடிக்கும். உடனே நாம என்ன பண்ணுவோம், டிரான்ஸ்மிட் பவர குறைப்போம், இல்லன்னா பெரிய பேட்டரி வாங்குவோம். ரெண்டுமே பெருசா உதவாது, ஏன்னா நோய் அங்க இல்ல.

சிசி2420ன்னு ஒரு பழைய ரேடியோ சிப் இருக்கு, டெலாஸ்பி மாதிரி நோடுங்கள்ல வந்தது, 802.15.4 (கம்மி பவர் வயர்லெஸ் ஸ்டாண்டர்ட்) படிச்ச எல்லாருக்கும் தெரிஞ்ச பேருதான். அதோட டேட்டாஷீட்ட திறந்து பாத்தா முழு பவர்ல, அதாவது 0 டிபிஎம்ல (டிபிஎம்ங்கறது ரேடியோ பவர் அளக்கற அலகு), அனுப்பறதுக்கு 17.4 மில்லிஆம்ப். சும்மா காத கொடுத்து கேக்கறதுக்கு 18.8 மில்லிஆம்ப். ஆமா, பேசறத விட கேக்கறதுக்குத்தான் அதிகம். புது சிப்புங்கள்ல ரெண்டுமே நல்லா குறைஞ்சிருக்கு, என்ஆர்எஃப்52840ல ரெண்டும் 5 மில்லிஆம்ப் பக்கத்துல வரும், ஆனா ரெண்டும் கிட்டத்தட்ட சமம்ங்கற கதை மட்டும் மாறல.

இப்ப சின்னதா ஒரு கணக்கு போடுவோம். டபுள்ஏ பேட்டரி 2500 மில்லிஆம்ப் அவர்னு வெச்சுக்கோங்க. ரேடியோ எப்பவும் ஆன்ல கேட்டுக்கிட்டே இருந்தா, 19 மில்லிஆம்ப்னு ரவுண்டா எடுத்தா, 131 மணி நேரம், அஞ்சரை நாள் கூட முழுசா வராது. அதே ரேடியோவ நூத்துல ஒரு பங்கு நேரம் மட்டும் ஆன் பண்ணி மீதி நேரம் தூங்க வெச்சா, தூக்கத்துல 5 மைக்ரோஆம்ப் போகுதுன்னு சேர்த்தாலும், 530 நாளுக்கு மேல ஓடும். பேட்டரியும் அதே, சிப்பும் அதே, பவரும் அதே. மாறினது முழிச்சிருக்கற நேரம் மட்டும்தான். இந்த கட்டுரைல கீழ சொல்ற எல்லாமே இந்த ஒரு விஷயத்த சுத்தித்தான் வரும்.

மொதல்ல அளந்து பாருங்க

கோட் மாத்தறதுக்கு முன்னாடி ஒரு சைக்கிள்ல கரண்ட் எங்க எங்க போகுதுன்னு தெரியணும். மல்டிமீட்டர சீரியஸ்ல போட்டு பாக்கலாம்னு எல்லாரும் ஆரம்பிப்போம், அங்க ஒரு குழி இருக்கு. மைக்ரோஆம்ப் ரேஞ்ச்ல மீட்டருக்குள்ள இருக்கற ரெசிஸ்டர் பெருசு, தூக்கத்துல இருக்கும்போது அழகா 5 மைக்ரோஆம்ப் காட்டும், ரேடியோ ஆன் ஆன நிமிஷம் அந்த ரெசிஸ்டர்லயே வோல்டேஜ் எல்லாம் விழுந்து போர்டு ரீசெட் ஆயிடும். திரும்ப பூட் ஆகும், திரும்ப ரீசெட். நான் ஒரு நாள் முழுக்க ஃபர்ம்வேர்ல பக் தேடினேன் இதனால, கடைசில பாத்தா பக் என் கைல இருந்த மீட்டர்.

சரியான வழி ரெண்டு இருக்கு. ஒண்ணு, 1 ஓம் இல்லன்னா 10 ஓம் ரெசிஸ்டர் ஒண்ண சப்ளைல சீரியஸா போட்டு அது மேல வர்ற வோல்டேஜ ஆசிலோஸ்கோப்ல பாக்கறது. 10 ஓம்ல 19 மில்லிஆம்ப் போனா 190 மில்லிவோல்ட், நல்லா தெரியும், போர்டும் ரீசெட் ஆகாது. தூக்க கரண்ட் இதுல தெரியாது, அத தனியா பாக்கணும். இன்னொண்ணு, பவர் ப்ரொஃபைலர்னு வர்ற கருவிங்க, நார்டிக்கோட பிபிகே2 மாதிரி, அது 200 நானோஆம்ப்ல இருந்து 1 ஆம்ப் வரைக்கும் ஒரே ஓட்டத்துல அளக்கும். இதே வேலையா இருக்கறவங்க ஒண்ணு வாங்கி வெச்சுக்கறது நல்லது. கருவி எதுவும் இல்லன்னா கான்டிகிங்கற சென்சார் ஓஎஸ்ல எனர்ஜெஸ்ட்னு ஒரு மாட்யூல் இருக்கு, ரேடியோ எவ்ளோ நேரம் அனுப்பிச்சு, எவ்ளோ நேரம் கேட்டுச்சுன்னு சாஃப்ட்வேர்லயே எண்ணிக்கிட்டு வரும். வேற ஓஎஸ்ல இருந்தீங்கன்னா ரேடியோ ஆன், ஆஃப் பண்ற ஃபங்ஷன்ல ஒரு டைமர் வெச்சு நீங்களே எண்ணிக்கலாம், பத்து வரி கோட்தான்.

கணக்க சார்ஜ்ல போடுங்க, அதுதான் சுலபம். மில்லிஆம்ப மில்லிசெகண்டால பெருக்கினா மைக்ரோகூலோம். ஒரு நோடு நிமிஷத்துக்கு ஒரு தடவ எழுந்திரிச்சு டெம்பரேச்சர் அனுப்புதுன்னு வெச்சுப்போம். சென்சார் படிக்க 30 மில்லிசெகண்ட், 1.5 மில்லிஆம்ப், அது 45. ரேடியோ ஆன் பண்ணி, சேனல் காலியான்னு பாத்து, அனுப்பி, ஆக் (கிடைச்சுதுன்னு வர்ற பதில்) வாங்கி, ஆஃப் பண்ண எல்லாம் சேர்த்து 10 மில்லிசெகண்ட், 19 மில்லிஆம்ப், அது 190. மீதி 60 செகண்டும் தூக்கம், 5 மைக்ரோஆம்ப், அது 300. மொத்தம் 535 மைக்ரோகூலோம், 60ஆல வகுத்தா சராசரி 9 மைக்ரோஆம்ப் கூட வரல. கணக்குப்படி முப்பது வருஷத்துக்கு மேல ஓடணும், அதுக்குள்ள பேட்டரி தானாவே செத்துடும்ங்கறது வேற விஷயம்.

இப்ப பாருங்க வேடிக்கைய. "அனுப்பினதுக்கு அப்புறம் சர்வர்ல இருந்து ஏதாவது கமாண்ட் வந்தா வாங்கிக்கலாமே"ன்னு ஒரே ஒரு செகண்ட் ரேடியோவ ஆன்லயே விடறீங்க. அந்த ஒரு செகண்ட் 19,000 மைக்ரோகூலோம். மத்த எல்லாத்தையும் சேர்த்தாலே 535தான். சராசரி 9ல இருந்து 326 மைக்ரோஆம்புக்கு ஏறிடும், ஆயுசு 320 நாள். வராத ஒரு கமாண்டுக்காக ஒரு செகண்ட் வாசல்ல நின்னதுக்கு இவ்ளோ விலை.

காசு ஓட்டையாகற நாலு இடம்

2002ல எஸ்-மேக்னு ஒரு ப்ரோட்டோகால் வந்துச்சு, அத எழுதினவங்க சென்சார் நெட்வொர்க்ல ரேடியோ எனர்ஜி வீணாகறத நாலா பிரிச்சாங்க. மோதல், அதாவது ரெண்டு பேரு ஒரே நேரத்துல அனுப்பி ரெண்டும் கெட்டுப்போய் திரும்ப அனுப்பறது. ஒட்டுக்கேக்கறது, அதாவது பக்கத்து நோடுக்கு போற பாக்கெட்ட நாமளும் முழுசா வாங்கிப் பாத்துட்டு தூக்கிப் போடறது. கன்ட்ரோல் பாக்கெட் செலவு. கடைசியா சும்மா கேட்டுக்கிட்டு இருக்கறது. ப்ரோட்டோகால் பழசாயிடுச்சு, ஆனா இந்த பிரிவு இன்னிக்கும் அப்படியே பொருந்தும், நம்ம மாதிரி நிமிஷத்துக்கு ஒரு ரீடிங் அனுப்பற ஆளுங்களுக்கு நாலாவதுதான் மலை, மத்த மூணும் மடு. (ஒட்டுக்கேக்கறதுக்கு ஒரு சுலப மருந்து இருக்கு, ரேடியோ சிப்லயே அட்ரஸ் ஃபில்டர் இருக்கும், அத ஆன் பண்ணுங்க, நம்மளுது இல்லாத ஃப்ரேம் வந்தா ப்ராசசர எழுப்பாது. நெறைய எக்ஸாம்பிள் கோட்ல இத ஆஃப்ல வெச்சிருப்பாங்க.)

உங்க நோடு யாரு பேச்சையாவது கேக்கணுமா?

ப்ரோட்டோகால் தேடறதுக்கு முன்னாடி இந்த கேள்விய கேளுங்க. கேட்வேக்கு (நோடுங்க டேட்டாவ வாங்கி சர்வருக்கு அனுப்பற பெட்டி) நேரா அனுப்பற ஸ்டார் நெட்வொர்க்கா இருந்து, கேட்வே மெயின்ஸ் கரண்ட்ல ஓடுதுன்னா, பேட்டரி நோடு கேக்கவே வேண்டாம். அது தூங்கட்டும், தனக்கு தோணும்போது எழுந்திரிச்சு அனுப்பட்டும். கமாண்ட் ஏதாவது இருந்தா கேட்வே அத புடிச்சு வெச்சுக்கட்டும், நோடு அனுப்பினதும் "எனக்கு ஏதாவது இருக்கா"ன்னு கேக்கட்டும், இருந்தா ஆக்லயே ஒரு பிட்ட செட் பண்ணி சொல்லலாம், அப்ப மட்டும் இன்னும் கொஞ்சம் முழிச்சிருந்தா போதும். 802.15.4ல இதுக்குன்னே வழி இருக்கு, ஜிக்பீல தூங்கற எண்ட் டிவைஸ் எல்லாம் இப்படித்தான். லோராவான் (ரொம்ப தூரத்துக்கு மெதுவா அனுப்பற ரேடியோ நெட்வொர்க்) கிளாஸ் ஏ கூட இதே புத்திதான்: அனுப்பி முடிச்சு 1 செகண்ட் கழிச்சு ஒரு சின்ன ஜன்னல், அதுல எதுவும் வரலன்னா 2வது செகண்ட்ல இன்னொரு ஜன்னல், நடுவுல தூக்கம். கமாண்ட் போய் சேர ஒரு சைக்கிள் தாமதமாகும், ஆனா தோட்டத்துல இருக்கற ஈரப்பத சென்சாருக்கு அவசரமா சொல்ல என்ன இருக்கு.

நெறைய பேரு ரியல்டைம் வேணும்னு சொல்லிட்டு அப்புறம் விசாரிச்சா பத்து நிமிஷம் லேட்டானாலும் யாருக்கும் நஷ்டம் இல்லைங்கறது தெரிய வரும். அதனால இத முதல்லயே பேசி முடிச்சுடுங்க, பாதி டிசைன் இங்கயே முடிஞ்சிடும்.

கேட்டுத்தான் ஆகணும்னா

மெஷ் நெட்வொர்க்ல நடுவுல இருக்கற நோடு அடுத்தவன் பாக்கெட்ட வாங்கி அனுப்பணும், அவன் எப்ப அனுப்புவான்னு தெரியாது. இங்கதான் மேக் லேயரோட (யாரு எப்ப பேசணும், எப்ப கேக்கணும்னு முடிவு பண்ற அடுக்கு) விளையாட்டு.

ஒரு வழி, நேரம் ஒத்துக்காம ஓடறது. ஒவ்வொரு நோடும் குறிப்பிட்ட இடைவெளில ஒரு கண் சிமிட்டற நேரம் முழிச்சு சேனல்ல சத்தம் இருக்கான்னு பாத்துட்டு இல்லன்னா தூங்கிடும். அனுப்பறவன் தான் காத்திருக்கணும், கேக்கறவன் முழிக்கற வரைக்கும் கதவ தட்டிக்கிட்டே இருக்கணும். 2004ல வந்த பி-மேக் பாக்கெட்டுக்கு முன்னாடி போற ப்ரியாம்பிள்ங்கற சிக்னல நீளமா ஒரே இழுப்பா இழுத்துச்சு, 2006ல எக்ஸ்-மேக் அத துண்டு துண்டா வெட்டி ஒவ்வொரு துண்டுலயும் யாருக்குன்னு அட்ரஸ போட்டுச்சு, சம்பந்தப்பட்டவன் முழிச்சதும் நடுவுலயே பதில் சொல்லி நிறுத்திடலாம், சம்பந்தமில்லாதவன் உடனே தூங்கப் போயிடலாம். கான்டிகிமேக் இன்னும் ஒரு படி போய் பக்கத்து நோடு எப்ப முழிக்குதுங்கறத ஞாபகம் வெச்சுக்கிட்டு அதுக்கு கொஞ்சம் முன்னாடி மட்டும் தட்ட ஆரம்பிக்கும்.

இதுல நீங்க கைய வைக்க வேண்டிய திருகு ஒண்ணே ஒண்ணுதான், எவ்ளோ நேரத்துக்கு ஒரு தடவ முழிக்கணும்ங்கறது. அத எப்படி முடிவு பண்றதுன்னு ஒரு கணக்கோட காட்டறேன். ஒரு தடவ முழிச்சு பாக்க 1 மில்லிசெகண்ட் ஆகுது, நிமிஷத்துக்கு ஒரு பாக்கெட் அனுப்பறோம், அனுப்பும்போது சராசரியா இடைவெளில பாதி நேரம் தட்டணும்னு வெச்சுக்கோங்க, எக்ஸ்-மேக் மாதிரி.

இடைவெளி 125 மில்லிசெகண்ட்னா, முழிச்சு பாக்கறதுக்கு மட்டும் சராசரி 152 மைக்ரோஆம்ப், தட்டறதுக்கு 18, மொத்தம் 170. இடைவெளிய 500 ஆக்குனா பாக்கறதுக்கு 38, தட்டறதுக்கு 72, மொத்தம் 110. அட நல்லா இருக்கேன்னு 2 செகண்ட் ஆக்குனா பாக்கறது 10க்கு இறங்கிடும், தட்டறது 290க்கு ஏறிடும், மொத்தம் 300, முன்ன இருந்தத விட மோசம். இந்த கணக்குக்கு நடுப்புள்ளி 360 மில்லிசெகண்ட் கிட்ட வருது, ரெண்டு செலவும் அங்க சமமாகுது, 52, 52. உங்க நம்பர் வேறயா இருக்கும், ஆனா ரெண்டு செலவும் சமமாகற இடம் எதுன்னு தேடுங்க, அதுதான் உங்க இடம். ட்ராஃபிக் அதிகமானா அந்த இடம் கீழ நகரும், பாக்கெட் அரிதா போனா மேல நகரும். டிஃபால்ட் வேல்யூவ அப்படியே விட்டுட்டு ப்ரோட்டோகால் சரியில்லன்னு திட்டறவங்க நெறைய, அவங்கள்ல நானும் ஒருத்தன்தான்.

இன்னொரு வழி, எல்லாரும் கடிகாரத்த ஒத்து வெச்சுக்கிட்டு இந்த ஸ்லாட்ல நீ பேசு, நான் கேக்கறேன்னு அட்டவணை போட்டுக்கறது. 2012ல 802.15.4இ-ல வந்த டிஎஸ்சிஎச் இதுதான், ஸ்லாட் பொதுவா 10 மில்லிசெகண்ட், ஒவ்வொரு தடவையும் சேனலும் மாறும், அதனால வைஃபை குறுக்கீடு இருந்தாலும் ஒரே சேனல்ல மாட்டிக்கிட்டு முட்டாது. வேலை இல்லாத ஸ்லாட்ல ரேடியோவ தொடவே வேண்டாம். ஆனா கடிகாரம்னு ஒண்ணு இருக்கே. சாதாரண 32 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல் பத்து லட்சத்துல 20 பங்கு முன்னபின்ன ஓடும், ரெண்டு நோடு எதிரெதிர் பக்கமா ஓடினா 40. அப்படின்னா 25 செகண்ட்ல ரெண்டும் 1 மில்லிசெகண்ட் விலகிடும். நீங்க கேக்கற ஜன்னலோட இருபக்கமும் 1 மில்லிசெகண்ட் விட்டு வெச்சிருந்தா 25 செகண்டுக்கு ஒரு தடவையாவது ஏதாவது பாக்கெட் பரிமாறி நேரத்த திருத்திக்கணும், இல்லன்னா ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் தூங்குவாங்க. ஆகவே ட்ராஃபிக் ஓரளவு சீரா இருக்கற இடத்துல டிஎஸ்சிஎச் அருமை, மணிக்கு ஒரு பாக்கெட் போற இடத்துல நேரம் ஒத்துக்கற செலவே பேட்டரிய தின்னும். வெயில்ல ஒண்ணு, நிழல்ல ஒண்ணுன்னு நோடு வெச்சா டெம்பரேச்சர் வித்தியாசத்துல கிரிஸ்டல் இன்னும் விலகும், அத மேசை மேல டெஸ்ட் பண்ணும்போது கண்டுபிடிக்கவே முடியாது.

பாக்கெட்ட சுருக்குங்க, அதுக்கு முன்னாடி எண்ணிக்கைய சுருக்குங்க

ஜேசான்ல டெம்பரேச்சர், ஹ்யூமிடிட்டின்னு முழு பேரோட எழுதி அனுப்பினா சர்வசாதாரணமா 35 பைட் தாண்டும். 28.46 டிகிரிய 2846ன்னு முழு எண்ணாக்கி 2 பைட்ல போடுங்க, ஹ்யூமிடிட்டி 2 பைட், தீர்ந்தது. பேர எல்லாம் சர்வர்ல சேத்துக்கலாம், சர்வருக்கு பேட்டரி இல்ல.

ஆனா உண்மையான லாபம் இங்க இல்ல. 802.15.4 ஃப்ரேம்ல சின்ன அட்ரஸ் போட்டா கூட ப்ரியாம்பிள் முதல் செக்சம் வரைக்கும் 17 பைட் சுமை இருக்கு, உங்க 4 பைட்ட ஏத்திக்கிட்டு போக. பத்து ரீடிங்க தனித்தனியா அனுப்பினா 210 பைட். பத்தையும் ராம்ல சேத்து வெச்சு ஒண்ணா அனுப்பினா 57 பைட். அதோட போச்சா, பத்து தடவ ரேடியோ ஸ்டார்ட் ஆகற நேரம், பத்து தடவ சேனல் பாக்கறது, பத்து ஆக் எல்லாம் ஒண்ணாயிடுது. மேல 6லோபேன் (802.15.4 மேல ஐபிவி6 ஓட்டற முறை) ஓட்டறீங்கன்னா ஹெடர் கம்ப்ரஷன் ஆன்ல இருக்கான்னு பாருங்க, 40 பைட் ஐபிவி6 ஹெடர் நல்ல சூழ்நிலைல 2 பைட் வரைக்கும் சுருங்கும். ஃப்ரேம் 127 பைட்ட தாண்டி ரெண்டு துண்டாகற மாதிரி மட்டும் விடாதீங்க, ஒரு துண்டு தொலைஞ்சா முழுசும் போச்சு.

அதுக்கும் மேல, அனுப்பாமயே இருக்கலாம். போன தடவ அனுப்பின மதிப்புல இருந்து அரை டிகிரிக்கு மேல மாறினா மட்டும் அனுப்பு, இல்லன்னா மணிக்கு ஒரு தடவ "உயிரோட இருக்கேன்"னு ஒரு பாக்கெட். ராத்திரி முழுக்க மாறாத டெம்பரேச்சர நிமிஷத்துக்கு ஒரு தடவ சொல்லி யாருக்கு என்ன லாபம். அந்த உயிரோட இருக்கேன் பாக்கெட்ட மட்டும் விட்டுடாதீங்க, இல்லன்னா நோடு செத்துப்போச்சா இல்ல மாற்றமே இல்லையான்னு தெரியாம முழிப்பீங்க.

பவர குறைக்கிறத பத்தி

டிரான்ஸ்மிட் பவர குறைச்சா பேட்டரி மிச்சம்னு ஒரு நம்பிக்கை. சிசி2420ல 0 டிபிஎம்ல இருந்து மைனஸ் 25 டிபிஎம்முக்கு இறக்கினா ஆன்டெனால இருந்து வெளிய போற பவர் 300 மடங்குக்கு மேல குறையுது, கரண்ட் 17.4ல இருந்து 8.5க்குத்தான் குறையுது, பாதி. சிப்புக்குள்ள இருக்கற மத்த சர்க்யூட் எல்லாம் ஓடித்தானே ஆகணும். அந்த பாதிய மிச்சம் புடிக்கப்போய் லிங்க் ஆட்டம் காண ஆரம்பிச்சு ஒவ்வொரு பாக்கெட்டும் மூணு தடவ போச்சுன்னா நஷ்டம்தான். அதனால நோடு கிட்டத்துல இருந்து, சிக்னல் நல்லா மீதி இருந்தா மட்டும் இறக்குங்க, அதுவும் 10 டிபி போல கைல மிச்சம் வெச்சுக்கிட்டு. ஆள் நடந்தா, கதவு மூடினா, செடி வளந்தா சிக்னல் இறங்கும்.

லோரால கதையே வேற, அங்க நேரம்தான் ராஜா. 10 பைட் டேட்டா, லோராவான் சுமை 13 பைட், 125 கிலோஹெர்ட்ஸ்ல எஸ்எஃப்7ல (எஸ்எஃப்னா ஸ்ப்ரெடிங் ஃபேக்டர், நம்பர் ஏற ஏற தூரமா போகும், ஆனா மெதுவா) போட்டா காத்துல 62 மில்லிசெகண்ட் இருக்கும். அதே பாக்கெட் எஸ்எஃப்12ல 1,483 மில்லிசெகண்ட். 24 மடங்கு. எஸ்எக்ஸ்1276ல 13 டிபிஎம்முக்கு 29 மில்லிஆம்ப் இழுக்கும், பெருக்கிப் பாத்துக்கோங்க. பாதுகாப்பா இருக்கட்டும்னு எஸ்எஃப்12ல ஃபிக்ஸ் பண்ணி விடறவங்கள பாத்தா பேட்டரி பாவமா இருக்கும். நகராத நோடுன்னா ஏடிஆர் (வேகத்த தானா மாத்திக்கற வசதி) ஆன் பண்ணுங்க, நெட்வொர்க்கே பாத்து எஸ்எஃப்ப இறக்கும். ஆன்டெனாவ ஒரு ஆள் உயரம் மேல தூக்கி வெச்சாலே ரெண்டு எஸ்எஃப் இறங்கின கதை எனக்கு நடந்திருக்கு, ஒரு குச்சிதான் செலவு.

நடுவுல ஒரு நோடு வெச்சா மிச்சமா?

பாடப்புத்தகத்துல தூரம் அதிகமானா பவர் ஸ்கொயர்ல ஏறும், அதனால குட்டி குட்டியா தாவிப் போறது நல்லதுன்னு இருக்கும். பாதி உண்மை. 2000ல லீச்சுங்கற ப்ரோட்டோகாலோட வந்த ஒரு எளிய மாடல் இருக்கு, ஒரு பிட்டுக்கு சர்க்யூட் செலவு 50 நானோஜூல், அனுப்பறதுக்கும் வாங்கறதுக்கும் தனித்தனியா, அது போக ஆம்ப்ளிஃபையருக்கு தூரத்தோட ஸ்கொயருக்கு 100 பைக்கோஜூல். இதுல 100 மீட்டர் நேரா அனுப்பினா 1,050 நானோஜூல். நடுவுல ஒரு நோடு வெச்சு 50, 50ஆ போனா 300 ரெண்டு தடவ, நடு நோடு வாங்கறதுக்கு 50, மொத்தம் 650. லாபம். அதே மாடல்ல 20 மீட்டர் எடுத்தா நேரா 90, ரெண்டா தாவினா 170. கிட்டத்தட்ட ரெட்டிப்பு நஷ்டம், இதுல நடு நோடு கேக்கறதுக்காக முழிச்சிருக்கற செலவ இன்னும் சேக்கவே இல்ல, அத சேத்தா முதல் உதாரணமும் ஆட்டம் கண்டுடும். ஆக நேரா போய் சேரும்னா நேரா அனுப்புங்க, எட்டலன்னா மட்டும் தாவுங்க.

மெஷ்ல இன்னொரு வம்பு, கேட்வே பக்கத்துல இருக்கற நோடுங்க ஊர் சுமைய எல்லாம் தூக்கும், அதுங்கதான் முதல்ல சாகும், அதுங்க செத்தா பின்னாடி இருக்கறது எல்லாம் பேட்டரி நிறைய இருந்தும் அனாதை. லீச்ல தலைவர (ஒரு கூட்டத்தோட டேட்டாவ எல்லாம் சேத்து அனுப்பற நோட) மாத்தி மாத்தி போடறது இதுக்குத்தான். என்னைக் கேட்டா சின்ன நெட்வொர்க்ல அவ்ளோ மெனக்கெட வேண்டாம், கேட்வே ஓரத்து நோடு ரெண்டு மூணுக்கு பெரிய பேட்டரியோ சின்ன சோலார் பேனலோ கொடுத்துட்டா வேலை முடிஞ்சது.

ரூட்டிங் பீக்கன் (வழி கண்டுபிடிக்க நோடுங்க அனுப்பற அறிவிப்பு) பத்தி ஒரு வார்த்தை. பத்து செகண்டுக்கு ஒரு தடவ "நான் இங்க இருக்கேன்"னு கத்தற பழைய பழக்கம் வேண்டாம். ட்ரிக்கிள்னு ஒரு அல்காரிதம் ஆர்எஃப்சி 6206ல இருக்கு, ஆர்பிஎல்ங்கற ரூட்டிங் ப்ரோட்டோகால் அதைத்தான் யூஸ் பண்ணுது, நெட்வொர்க் அமைதியா இருந்தா இடைவெளி ரெட்டிப்பாகிக்கிட்டே போகும், ஏதாவது மாறினா உடனே குறைஞ்சு வேகமா பேசும். மேல் வரம்ப தைரியமா பெருசா வைங்க.

போர்டுலயே இருக்கற ஓட்டை

இது ரேடியோ விஷயம் இல்லன்னாலும் சொல்லாம விட்டா மேல சொன்னது எல்லாம் வீண். ஈஎஸ்பி32 சிப் டீப் ஸ்லீப்ல 10 மைக்ரோஆம்ப் பக்கம்தான், ஆனா டெவலப்மென்ட் போர்டுல இருக்கற ரெகுலேட்டர், யூஎஸ்பி சிப், பவர் எல்ஈடி எல்லாம் சேர்ந்து மில்லிஆம்ப் கணக்குல இழுக்கும். அதே மாதிரி பேட்டரி வோல்டேஜ் பாக்க 10 கே ரெண்டு போட்டு டிவைடர் வெச்சா 3.7 வோல்ட்ல 185 மைக்ரோஆம்ப் நாள் முழுக்க ஒழுகும், மேல முப்பது வருஷம்னு கணக்கு போட்டோமே, அந்த நோடோட மொத்த செலவு மாதிரி இருபது மடங்கு. சுவிட்ச் மாதிரி மாஸ்ஃபெட் ஒண்ணு போட்டு படிக்கும்போது மட்டும் இணைங்க.

வைஃபைல அனுப்பித்தான் ஆகணும்னா கனெக்ட் ஆகற நேரம்தான் எதிரி, 100 மில்லிஆம்புக்கு மேல இழுத்துக்கிட்டு செகண்ட் கணக்குல நிக்கும். ஐபிய ஸ்டாட்டிக்கா கொடுங்க, சேனலையும் ரவுட்டரோட மேக் அட்ரஸையும் ஞாபகம் வெச்சு ஸ்கேன் இல்லாம நேரா போங்க. பக்கத்துல இன்னொரு ஈஎஸ்பி32 கேட்வேயா வைக்க முடிஞ்சா ஈஎஸ்பி-நவ், கனெக்ஷனே வேண்டாம், முதல் வெர்ஷன்லயே 250 பைட் வரைக்கும் ஒரே ஃப்ரேம்.

பேட்டரிய தேர்ந்தெடுக்கும்போது கொள்ளளவ மட்டும் பாக்காதீங்க, சட்டுனு இழுத்தா தாங்குமான்னு பாருங்க. சிஆர்2032 காசு பேட்டரி 220 மில்லிஆம்ப் அவர் பக்கம் இருக்கு, ஆனா பழசாகி குளிர்ல இருக்கும்போது ரேடியோ சட்டுனு இழுத்தா வோல்டேஜ் குழி விழுந்து நோடு ரீசெட் ஆகும். லித்தியம் தையோனைல் குளோரைடு பேட்டரி பல வருஷம் தாங்கும், ஆனா ரொம்ப நாள் சும்மா இருந்தா உள்ள ஒரு படலம் கட்டி முதல் இழுப்புல தடுமாறும். ரெண்டுக்கும் பக்கத்துல நல்ல கப்பாசிட்டர் ஒண்ணு வெச்சா சரி, லீக்கேஜ் கம்மியான கப்பாசிட்டரா பாத்து.

கேட்வே செத்தா என்ன ஆகும்னு யோசிங்க

எல்லாத்தையும் ஒழுங்கா பண்ணி, கணக்கு போட்டு, ரெண்டு வருஷம் வரும்னு சொல்லி ஒரு இடத்துல முப்பது நோடு வெச்சோம். மூணு மாசம் நல்லா போச்சு. ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் யாரோ கேட்வே ப்ளக்க புடுங்கிட்டு சார்ஜர் சொருகியிருக்காங்க. திங்கக்கிழமை கேட்வேய ஆன் பண்ணா முப்பதுல நாலு நோடுதான் திரும்ப வந்துச்சு. மத்ததுல பேட்டரி காலி.

நடந்தது இதுதான். கேட்வே காணோம்னதும் ஒவ்வொரு நோடும் நெட்வொர்க்க தேட ஆரம்பிச்சிருக்கு, 16 சேனலையும் மாத்தி மாத்தி, ரேடியோ முழு நேரமும் ஆன்ல, கிடைக்கற வரைக்கும் விடமாட்டேன்னு. லைப்ரரியோட டிஃபால்ட் அப்படித்தான், நாங்க பாக்கல. அது சின்ன லித்தியம் பேட்டரி, ரெண்டரை நாள் 19 மில்லிஆம்ப்னா ஆயிரத்து நூறு மில்லிஆம்ப் அவருக்கு மேல, எங்க தாங்கும். தம்பி ஒருத்தன் கூட வேலை பாத்தான், "அண்ணே, சும்மா இருந்ததுக்கா இவ்ளோ செலவு"ன்னு கேட்டான், பதில் சொல்ல முடியல.

அதுக்கப்புறம் எழுதின கோட்ல தேடறதுக்கும் ஒரு பட்ஜெட் வெச்சிட்டோம். ஒரு சுத்து தேடு, இல்லன்னா 1 நிமிஷம் தூங்கு, அப்புறம் 2, 4, 8ன்னு ரெட்டிப்பாக்கிக்கிட்டே போய் 1 மணி நேரத்துல நில்லு. ஒவ்வொரு நோடும் கொஞ்சம் ரேண்டமா முன்னபின்ன பண்ணிக்கணும், இல்லன்னா கரண்ட் திரும்ப வந்ததும் முப்பது பேரும் ஒரே நேரத்துல ஜாயின் கேட்டு மோதிக்குவாங்க. ஆக் வரலன்னா ரீட்ரை மூணோட நிறுத்து, ரீடிங்க மெமரில வெச்சுக்கோ, அடுத்த தடவ சேத்து அனுப்பு.

இப்ப நோடுங்கள வெளிய கொண்டுபோறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி முழுக்க கேட்வேய வேணும்னே ஆஃப் பண்ணிட்டு, ஒரே ஒரு நோட பவர் ப்ரொஃபைலர்ல மாட்டி விட்டுட்டு தூங்கப் போவேன். காலைல வந்து பாக்கும்போது அந்த கிராஃப்ல குச்சிங்க ஒண்ணுக்கொண்ணு தள்ளித் தள்ளி போய் கடைசில மணிக்கு ஒண்ணுன்னு நிக்கணும். நடுவுல எங்கயாவது ஒரு பட்டையா கோடு தெரிஞ்சா அன்னிக்கு டெலிவரி கிடையாது.